வேல் படத்தை மட்டும் நிறுத்தாமல் விட்டது குறித்து

ஞானம்பாள், வயது 49, க/பெ. ஜானகிராமன், இல்லத்தரசி, திருப்போரூர். 02.05.2025 அன்று காவல் ஆய்வாளர் முன்பு என் கையால் எழுதிக் கொடுப்பது:

நான் மேற்படி ஊரில் கணவர், மகள் வைஷாலியுடன் குடியிருந்து வருகிறேன். எட்டாவது வரை படித்தவள். கம்ப்யூட்டரை யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்துப் பழகினேன். கிருத்திகை அன்னதானத்துக்குப் பெயர்ப் பட்டியல் அடித்துக் கொடுப்பது நான்தான். கம்ப்யூட்டர் வைஷாலியின் அறையில், கட்டிலுக்கு எதிரே உள்ளது. அதில் கேமரா உண்டு.

தைப்பூசம் கழிந்த வாரத்திலிருந்து, யாரும் தொடாதபோதும் அதன் உள்விசிறி இரைந்துகொண்டே இருந்தது. எழுத்து அடித்தால் நேரம் கழித்துத்தான் விழுந்தது. அதன் பிறகு 17.02.2025 முதல் தினமும் பூஜை முடித்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, நமக்குத் தெரியாமல் பின்னால் ஓடுகிறவற்றின் பெயர்களை நோட்டில் எழுதி, தெரியாத பெயரை நிறுத்தி, நிறுத்திய பின் சத்தம் குறைந்ததா என்று எதிரில் எழுதி வந்தேன். அறுபத்திரண்டு நாள் எழுதினேன். குறைந்தது என்று ஒரு நாளும் எழுதவில்லை.

அந்தப் பட்டியலில் வேல் படம் போட்ட புரோகிராம் ஒன்று தினமும் இருந்தது. காலையில் பஞ்சாங்கம் காட்டி முருகன் பாட்டுப் பாடும் என்று போட்டிருந்ததால், தைப்பூசத்துக்கு முதல் நாள் நானே இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொண்டது. கேட்டதற்கெல்லாம் சரி என்று அழுத்தினேன். கேமராவுக்கும் கேட்டது, அழுத்தினேன். சாமி பாட்டைப் பாதியில் நிறுத்தும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லாததால் அதை மட்டும் ஒரு நாளும் நிறுத்தவில்லை. நோட்டில் அதற்கு எதிரே "சாமி" என்று மட்டும் எழுதியுள்ளேன்.

அதன் பிறகு பங்குனி மாதம், பேருந்து நிலையம் அருகே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் என் கொழுந்தனார் சரவணகுமாரைக் கூப்பிட்டேன். கடையிலிருந்தே எங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சரிசெய்ய அவர் ஒரு புரோகிராம் போட்டுவிட்டுப் போனார். "இன்னா அண்ணி, அரிசில கல்லு பொறுக்கற மாரி தெனம் இது முன்னால குந்திகினு கீறீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

19.04.2025 காலை வைஷாலியின் போனுக்கு, அவள் தன் அறையில் உடை மாற்றும் படங்கள் வந்தன. அன்றே அவை செய்யூரில் நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் போயின. அவர்கள் போன் செய்து நிச்சயப் புடவையைத் திருப்பிக் கேட்டார்கள். அன்று முதல் வைஷாலி குளியலறைக்குள் போய்த்தான் தலை வாருகிறாள்.

அதன் பிறகு அன்றே இந்த நிலையத்தில் வைஷாலி புகார் கொடுத்தபோது, வேறு யார் அந்தக் கம்ப்யூட்டரில் கை வைத்தது என்று கேட்டதற்கு, நான் சரவணகுமார் பெயரைச் சொன்னேன். கம்ப்யூட்டரை மறுநாள் கொண்டுவரச் சொன்னார்கள்.

மறுநாள் காலை, ஸ்டேஷனில் தரையில் செருப்புக் கால் படும் இடத்தில் வைப்பார்களே, சாமியை அங்கே அனுப்புவதா என்று மனம் ஒப்பாமல், சூடம் காட்டி, பாட்டு முடியும் வரை காத்திருந்து, வேல் படத்தை அடியோடு நீக்கினேன். நீக்கியதும் விசிறி அடங்கியது. சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. கேமரா வழியாக என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தது எது என்று அப்போதுதான் புரிந்தது. கணவர் வாசலில் ஆட்டோ வந்துவிட்டதென்று மூன்று முறை கூப்பிட்டார். அதன் பிறகு கம்ப்யூட்டரைப் பழைய புடவையில் கட்டி எடுத்து வந்து ஒப்படைத்தேன். வைஷாலி பக்கத்தில் நின்றதால் எதுவும் சொல்லவில்லை.

அதில் சரவணகுமார் போட்டது மட்டுமே மிஞ்சியிருந்ததால் அவரை அன்றே நிலையத்துக்கு வரவழைத்துக் கைது செய்தார்கள். ஜீப்பில் ஏறும்போது, "அண்ணி, நீங்கதான் அல்லாத்தையும் நோட்ல எழுதி வச்சிகினு கீறீங்களே, எடுத்துக் காட்டுங்க அண்ணி" என்றார். நான் கையிலிருந்த புடவையை மடித்துக்கொண்டிருந்தேன்.

30.04.2025 அன்று அவர் மனைவி அம்சா வந்தாள். கேட்டைத் தாண்டவில்லை. "அக்கா, என்னப் பொண்ணு பாத்து இட்டாந்தது நீதானே. அவுரு அப்பிடியாப்பட்ட ஆளுன்னா எனக்கு ஏன் கட்டி வச்ச?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இன்று நோட்டுடன் வந்தேன். ஏட்டையா, "சொந்தத்துக்குள்ள பேசி முடிச்சிகினீங்களாம்மா? நோட்ல இன்னா வேணா எழுதலாமே" என்றார். யாரும் என்னிடம் பேசி முடிக்கவில்லை. ஆனால் அந்த வேல் படம் இறக்கிய இடத்தில் இப்போது எதுவும் இல்லை. கம்ப்யூட்டரிலும் இல்லை, நானே நீக்கிவிட்டேன். சரவணகுமார் குற்றமற்றவர் என்பதற்கு என் கையெழுத்தில் அறுபத்திரண்டு "சாமி"யும், கடைசி நாளில் "சாமி எடுத்தேன். சத்தம் இல்லை" என்பதும் தவிர என்னிடம் வேறு ஆதாரம் இல்லை. நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

இதில் எழுதியவை நடந்தது நடந்தபடியே. யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ எழுதவில்லை. புகார் கொடுத்தவள் என்பதால் வைஷாலியும் இதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவளுக்கு இதுவரை எதுவும் தெரியாது. வெளியே பெஞ்சில் இருக்கிறாள். கூப்பிடப் போயிருக்கிறார்கள்.

(ஒப்பம்)
ஜா. ஞானம்பாள்