வலது காதுக்குப் பின்னால்

— இப்ப நின்னுடுச்சு பாருங்க.

— பேட்டரி போயிருக்கும்.

— நேத்துதான் புது பேட்டரி போட்டேன் அத்தான். கேளுங்களேன். அக்கா வாட்ச்சை இப்படிக் கையில வெச்சிருக்கேனா? முள்ளைப் பாருங்க. ஓடுதா?

— ஓடுது.

— இப்ப அக்கா தொப்பி மேல வைக்கிறேன்.

— ம்.

— நின்னுடுச்சு. எடுத்தா மறுபடி ஓடும். காலையிலேருந்து ஏழெட்டுத் தடவை பார்த்துட்டேன். சத்தியமா சொல்றேன், உடம்பெல்லாம் புல்லரிக்குது.

— அந்தத் தொப்பியை எங்கேருந்து எடுத்தே?

— போன வருஷ நடைப்பயணச் சாமான் பெட்டியிலேருந்துதான். பேனருக்கு அடியில கிடந்துச்சு. நடந்து முடிச்சு வந்து அக்கா கழட்டிப் போட்டது, பேட்ஜோட அப்படியே இருக்கு. உள்ளே ரெண்டு முடிகூட ஒட்டியிருக்கு. நீங்க வெச்சுக்கிறீங்களா?

— வேண்டாம். நோட்டீஸைப் படி. தப்பு இருந்தா இப்பவே திருத்தணும். ஒன்பது மணிக்கு ஆள் வந்துடும்.

— உங்களுக்குப் பயமே கிடையாதா அத்தான்?

— பயந்து என்ன ஆகப்போகுது? படி.

— "மூளையில் நீர் தேங்கும் நோயைப் பற்றித் தெரிந்துகொள்வோம்." இது சரி. "குழந்தையின் தலை வேகமாகப் பெரிதாகிறதா? நாடாவால் மாதம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள்." நாடா மேசை மேல அடுக்கிட்டேன், வர்ற ஒவ்வொரு அம்மாவுக்கும் ஒண்ணு. அப்புறம், "காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில் ஒரு சின்ன வால்வு. அதிலிருந்து வயிற்றுக்கு ஒரு குழாய். எவ்வளவு நீர் வடிய வேண்டும் என்பதை, கத்தி வைக்காமல், வெளியிலிருந்தே காந்தத்தால் திருப்பி மருத்துவர் சரிசெய்வார்." இவ்வளவு நீளமா எழுதினா யாரு படிப்பாங்க?

— படிக்கிறவங்க படிக்கட்டும்.

— நீங்க பேசுறதே நாலு வார்த்தை. எழுதும்போது மட்டும் எங்கேருந்துதான் வருதோ. சரி, கேளுங்க. "தலைவலி, வாந்தி, ஓயாத தூக்கம். மூன்றும் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்."

— ம்.

— அத்தான், இந்த வரியை எழுதும்போது...

— அடுத்ததைப் படி.

— அடுத்தது இல்லை. இதுதான் கடைசி.

— அப்ப மடிச்சு வை.

— நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? வெளியில என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? இந்த நடை ராசியில்லையாம். ஆள் கேக்குதாம். போன தடவை நடந்து பதினோராவது நாள் அக்கா போனா. அதே வாரத்துல டிரில் வாத்தியார் பாத்ரூம்ல விழுந்தாரு. தையல்காரம்மா பொண்ணு குட்டிக்கு வாந்தி நிக்கவே இல்லை, திரும்ப ஆஸ்பத்திரி. மூணு பேரு அத்தான்.

— நடந்தவங்க அம்பது பேரு. அதுல பாதிப் பேருக்கு மேல தலையில வால்வு உண்டு.

— அதைத்தான் நானும் கேக்குறேன். அத்தனை பேரை விட்டுட்டு ஏன் அந்த மூணு பேரு?

— தெரியலை.

— இந்த வருஷம் விட்டுடலாம்னு நினைச்சேன். இன்னிக்கு இந்த வாட்ச்சைப் பார்த்ததும் அக்காவே வேண்டாம்னு சொல்ற மாதிரி இருக்கு.

— எட்டு மாசக் குழந்தை ஒண்ணு ஆபரேஷனுக்குக் காத்துக்கிட்டிருக்கு. இந்த நடையில வர்ற பணத்துலதான் வால்வு வாங்கணும். உங்க அக்கா இருந்திருந்தா விட்டிருப்பாளா?

— மாட்டா. தலையைப் பிடிச்சுக்கிட்டே நடந்திருப்பா.

— அவ்வளவுதான். டேப்பை எடு, பேனரை ஒட்டணும்.

— அக்கா எங்கிட்ட ஒண்ணு சொன்னா அத்தான். இதுவரைக்கும் உங்ககிட்ட சொல்லலை. நடந்துட்டு வந்த மறுநாள் போன் பண்ணா. எப்பவும் போல இடது காதுல வெச்சுத்தான் பேசியிருப்பா, வால்வு இருக்கிற வலது பக்கம் போனையே கொண்டுபோக மாட்டாளே. "படுத்தா தலைக்குள்ள சொட்டுச் சொட்டா ஒரு சத்தம் கேக்கும்ல, நேத்திலேருந்து அது கேக்கலைடி. ஆளில்லாத வீடு மாதிரி இருக்கு"ன்னா. நான் சிரிச்சேன். சத்தம் நின்னா நல்லாத் தூங்குன்னு சொன்னேன்.

— எங்கிட்டயும் சொன்னா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— வெயில்ல நடந்த அலுப்பு, தூங்குன்னு.

— ஐயோ.

— டேப்பை எடு.

— லெஃப்ட் ரைட், லெஃப்ட் ரைட், நில். என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்குறீங்க?

— வாங்க வாத்தியாரே. எட்டரைக்கே வந்துட்டீங்களே.

— முப்பது வருஷம் விசில் ஊதினவன்மா. அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா என்னை நானே முட்டி போட வெச்சிடுவேன். தம்பி, பேனர் கோணலா இருக்கு. வலது பக்கம் தூக்கு.

— தலை எப்படி இருக்கு வாத்தியாரே?

— என் தலையில தண்ணி இருக்குன்னு டாக்டர் எழுதியே குடுத்திருக்கார் தம்பி. மத்தவன் தலையில என்ன இருக்குன்னு எவனுக்குத் தெரியும்?

— போன வருஷம் விழுந்தீங்களே, எதனாலன்னு கடைசியில சொன்னாங்களா?

— வால்வு திரும்பியிருந்துச்சாம். நாலாம் நம்பர்ல நிக்க வேண்டியது எட்டுல போய் நின்னிருக்கு, தண்ணி வடியவே இல்லை. யாரோ வந்து பூட்டைத் திருப்பிட்டுப் போன மாதிரி இருக்குன்னார் டாக்டர். எப்படின்னு அவருக்கே விளங்கலை. திருப்பி நாலுல வெச்சார், எழுந்து உக்காந்து காபி கேட்டேன்.

— யாரோ திருப்பிட்டுப் போனாங்களா? அத்தான், கேட்டீங்களா?

— கேட்டேன்.

— நீ ஏம்மா பயப்படுறே? நான்தான் நல்லா இருக்கேனே. இன்னிக்கு பஸ்ல மட்டும் லேசாக் கண்ணு இருட்டுச்சு. வெயிலா இருக்கும்.

— இன்னும் வெயிலே ஏறலை வாத்தியாரே. எப்பலேருந்து இப்படி?

— முந்தாநாள்லேருந்து. பேட்ஜ் தபால்ல வந்துச்சா, வீட்டம்மா தொப்பியில மாட்டிக் குடுத்தா. அதைப் போட்டுக்கிட்டு தெருவுல நடந்து பழகினேன். அதுல கொஞ்சம் அசதி. ஆனா ஒண்ணு தம்பி, ராத்திரியெல்லாம் தலைக்குள்ள சத்தமே இல்லை. அவ்வளவு அமைதி.

— அந்த வாட்ச்சைக் குடு.

— எதுக்கு அத்தான்?

— குடு. வாத்தியாரே, அசையாம நில்லுங்க.

— என்ன தம்பி, தலையில மணி பார்க்குறே?

— நின்னுடுச்சு. அத்தான், வாத்தியார் தலையிலயும் நின்னுடுச்சு. அக்கா இவரையும் கூப்பிடுறாளா?

— சும்மா இரு. வாத்தியாரே, தொப்பியைக் கழட்டி எங்கிட்ட குடுங்க.

— நடை ஆரம்பிக்கலையே.

— கழட்டுங்க. வாசல்ல நம்ம வேன் நிக்குது. டிரைவரோட நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. வால்வு எந்த நம்பர்ல இருக்குன்னு பார்க்கச் சொல்லுங்க. இப்பவே.

— தம்பி, உன் மூஞ்சி வெளுத்துப்போச்சு.

— ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. போங்க. ஓட வேண்டாம், நடங்க.

— சரிப்பா. லெஃப்ட் ரைட் போடத் தோணலை. வர்றேன்.

— என்ன அத்தான் நடக்குது?

— போன வருஷம் பேட்ஜைத் தொப்பியில மாட்டினது யார் யாரு?

— எல்லாரும் சட்டையிலதான் மாட்டிக்கிட்டாங்க. நீங்க பேட்ஜைக் கையாலகூடத் தொடலை, பேனரைத் தூக்கிக்கிட்டு முன்னாடி போயிட்டீங்க. நான்தான் பெட்டியைப் பிரிச்சுக் குடுத்தேன். என் பக்கத்துல உக்காந்திருந்தவங்களுக்கு மட்டும் தொப்பியில மாட்டி விட்டேன், அழகா இருக்கட்டும்னு.

— யாரு அவங்க?

— வாத்தியார். குட்டி. அப்புறம் அக்கா. அக்கா தலை வாரிக்கிட்டிருந்தா. திரும்பிக்கூடப் பார்க்கலை. நானே மாட்டி, நானே தலையில வெச்சு விட்டேன். ராணி மாதிரி இருந்தா அத்தான்.

— எந்தப் பக்கம்?

— வலது பக்கம். காதுக்குப் பின்னால.

— ம்.

— அத்தான்?

— ம்.

— ஏன் அந்தத் தொப்பியை அப்படிப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?

— இந்த வருஷ பேட்ஜ் பெட்டி எங்கே?

— பெட்டி காலி. நாற்பத்திரண்டு வீட்டுக்கும் தபால்ல அனுப்பிட்டேன். உங்ககிட்ட சொல்லாம இருந்தேன், பார்த்துச் சந்தோஷப்படுவீங்கன்னு. கூடவே ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். அக்கா நினைவா எல்லாரும் அக்கா மாதிரியே மாட்டிக்கிட்டு வாங்கன்னு.

— அக்கா மாதிரியேன்னா?

— தொப்பியில. வலது காதுக்குப் பின்னால.

— வாசல்ல என்ன சத்தம்?

— பஸ் வந்துடுச்சு. இங்கே வந்து பாருங்க. ஒவ்வொரு தலையிலயும் பளபளன்னு. அக்காவே நாற்பது பேரா இறங்கி வர்ற மாதிரி இல்லை?

— ஒரு கூடையை எடு. கேட்டுலயே நின்னு எல்லார் தொப்பியையும் கழட்டி வாங்கு. பேட்ஜைக் கையில எடுத்துத் தரேன்னு சொன்னா விடாதே, தொப்பியோட வாங்கு. குழந்தைங்களை முதல்ல பாரு. பஸ்ல வராதவங்களுக்குப் போன் போட்டு நான் சொல்லிக்கிறேன்.

— காரணம் கேப்பாங்களே. ஆசையா மாட்டிக்கிட்டு வந்திருக்காங்க.

— ஊசி குத்தும்னு சொல்லு.

— எந்த ஊசி?

— பேட்ஜ் ஊசி. பின்னால இருக்கிறது. போ, சீக்கிரம்.

— அதுல ஊசி கிடையாதே அத்தான். குழந்தைங்களைக் குத்திடும், ஊசி வேண்டாம்னு நீங்கதானே கடையில சொன்னீங்க? அதுக்குத்தான் பின்னால காந்தம் வெச்சுக் குடுத்திருக்காங்க.

— கூடையை எடுன்னு சொன்னேன்.

— காந்தம், அத்தான். நான்தானே அக்காவுக்கு மாட்டினேன்.