எக்டர் ஏன் என் காலையே பாத்தான்?

...பாக்கறதுக்கு ஒரு அளவு வேணாமாங்க? ஒரு மணி நேரமா என் காலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான் அந்த எக்டர்! அந்த அரிசி மூட்டைய கீழ வைங்க. இந்த குதைபியா ஏரியாவுலயே மோசமான லிஃப்ட் இதுதான், இப்போதைக்கு வராது. நாலாவது மாடிக்குப் புதுசா வந்திருக்கறது நீங்கதானே? நான் சந்திரகலா, எதிர் ஃபிளாட்.

எக்டர் யாருன்னா... மேளக்காரன். போம்பான்னு ஒரு ஆட்டம், கரீபியன் தீவுல ஆடறது. பக்கத்து ஹால்ல நஸீரான்னு ஒரு பொண்ணு கிளாஸ் நடத்தினா, வியாழக்கிழமை வியாழக்கிழமை. பாவாடைய ரெண்டு கையால புடிச்சு வீசணும், அவ்ளோதான்னு நெனச்சேன். நான் யாரு? திருச்சியில எட்டு வருஷம் பரதம்! அரங்கேற்றமே ஆயாச்சு! இதெல்லாம் எனக்கு ஜுஜுபி.

போய் நின்னேன். ரெண்டு மேளம். ஒண்ணு ஒரே மாதிரி அடிச்சுக்கிட்டே கெடக்கு. இன்னொண்ணு எக்டரோடது. கைய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கான்! எங்க பரத டீச்சர் கட்டையத் தட்டினாத்தானே எனக்குக் கால் எழும்பும்? நான் அவனுக்காக நிக்கறேன். அவன் என்னப் பாக்கறான். காலப் பாக்கறான், இடுப்பப் பாக்கறான்... சீச்சீ! மூணு வாரம்ங்க! பத்து பொம்பளைங்க முன்னாடி மரமாட்டம் நின்னேன்.

விடுவேனா? ஹால் மேனேஜர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். மேளம் அடிக்காம பொம்பளைங்கள வெறிச்சுப் பாக்கறான்னு. படிச்சாரு, "கலாஸ்"னாரு, அரபியில முடிஞ்சுதுன்னு அர்த்தம். எக்டர வெளிய அனுப்பிட்டாங்க. மேளம் இல்லாம என்ன கிளாஸ்? மூடியாச்சு.

அப்புறம் நஸீரா வந்தா. கத்தல, அதான் வயித்தெரிச்சல். "அக்கா, இதுல மேளத்துக்கு நாம ஆடறதில்ல. நாம ஆடணும், அதப் பாத்து அவர் அடிக்கணும். நீங்க ஒரு வீசு வீசியிருந்தா ஒரு அடி விழுந்திருக்கும். பாக்காம எப்படி அடிப்பாரு? மொத நாளே சொன்னேனே!"ங்கறா.

சொல்லத்தான் சொன்னா... நான் அப்போ எல்லாருக்கும் என் அரங்கேற்ற ஃபோட்டோவக் காட்டிக்கிட்டிருந்தேன்.

ஓடினேன் மேனேஜர்கிட்ட. தப்பு என்னுதுதான், அந்த லெட்டரக் கிழிச்சிருங்கன்னேன். "மாஃபி", அதெல்லாம் கெடையாதுன்னுட்டாரு. பாவம், அந்த ஆளு மேல நான்ல சேத்த வாரி எறிஞ்சுட்டேன். இந்த ஊர்ல என்கிட்ட சிரிச்சுப் பேச இருந்ததே அந்தப் பத்து பேர்தாங்க, எல்லாம் இந்த பில்டிங்தான். இப்ப லிஃப்ட்டுல நான் நின்னா அத்தனை பேரும் படியேறிப் போறாளுங்க. வியாழக்கிழமை வந்தா அழுகையா வருது...

அட, லிஃப்ட் வந்துருச்சு! ஏறுங்க, ஏறுங்க. ஏங்க... எங்க போறீங்க? நாலு மாடிங்க! அந்த அரிசி மூட்டையத் தூக்கிக்கிட்டா?