சரளமா வந்துடுச்சு

உக்காரும்மா, காலி சீட்டுதான். நான் முடிச்சிட்டு வந்துட்டேன். ஆமா, இங்கிலீஷ் பேச்சுப் பரீட்சைதான். முடிச்சிட்டு ஏன் இங்கயே குட்டி போட்ட பூனையா சுத்துறேன்னு பாக்குறியா? கீழ எங்க வீட்டுக்காரர் காரோட நிக்கிறாரு. நிக்கட்டும். கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு இறங்குறேன்.

எனக்கு இது மூணாவது தடவை. எழுதுறது, படிக்கிறது எல்லாம் பாஸு. பேச்சுலதான் ரெண்டு தடவையும் மண்ணைக் கவ்வினேன். நர்ஸு நான், வார்டுல டாக்டரையே அதட்டுவேன். இங்க வந்து உக்காந்தா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. இந்தத் தடவையும் போச்சுன்னா வெளிநாட்டு வேலை அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரரு வேற, இருந்த வேலையை விட்டுட்டாரு. பாதி வீடு பெட்டிக்குள்ள இருக்கு.

அது அவரு ஹாரன்தான். அடிக்கட்டும்.

கோச்சிங் சார் சொல்லுவாரு, நீ சொல்றது உண்மையா பொய்யான்னு எவனும் பாக்க மாட்டான், சரளமா வந்தாப் போதும்னு. நானும் மறக்க முடியாத பயணம்னு ஒரு கதையை நெட்டுரு போட்டு வச்சிருந்தேன். போகாத கடற்கரை, ஏறாத படகு. உள்ள பரீட்சை வைக்கிற அம்மா கேள்வி அட்டையைக் குடுத்தாங்க பாரு, யார்கிட்டயும் சொல்லாத ஒரு விஷயத்தைப் பத்திப் பேசுங்கன்னு இருக்கு!

எங்கிருந்து வந்துச்சோ, கடகடன்னு கொட்டிட்டேன். எனக்கு வெளிநாடு போகப் பிடிக்கலன்னு. இங்கன்னா, அவரு கை ஓங்கினா ரெண்டு தெரு தள்ளி அக்கா வீடு இருக்கு, செருப்புகூடப் போடாம ஓடிடலாம். ‘அங்க எங்கடி ஓடுவே?’ன்னு, பெட்டி கட்டும்போது சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. அதையும் சொன்னேன். நான் என்னங்க செய்யட்டும்னு அந்தம்மாகிட்டயே கேட்டேன், இங்கிலீஷ்லதான். தேங்க் யூன்னு அட்டையை வாங்கி வச்சிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க. பாவம், அவங்க ரூல்ஸு அப்படி.

இல்லம்மா, அழல. ஃபெயிலா? நல்லாக் கேட்ட போ. அக்காகிட்டகூட தமிழ்ல சொல்ல வராதது, இங்கிலீஷ்ல ஒரு இடத்துலயும் தடுக்கல. ஜென்மத்துல நான் அப்படிப் பேசினதில்ல. கண்டிப்பா பாஸ்.

போ, உன்னைத்தான் கூப்பிடுறாங்க. ஒண்ணே ஒண்ணு, வரும்போது பாத்தியா? இந்தக் கட்டடத்துல பின்பக்கமா இறங்க வேற படி இருக்கா?