ஏழு தகுதிகளை அடித்துவிட்ட சிவப்புப் பேனாவுக்கு

பிழை கண்டு பொங்கும் பேருள்ளமே! எளிய சொல்லின் ஏந்தலே! எங்கள் அச்சகத்தின் மெய்ப்பு மேசைக்கு முப்பத்தோராண்டு மேன்மை சேர்த்த மாதரசியே! ஊழியர் எல்லாரும் 'சிவப்புப் பேனா அம்மா' என்றழைக்க, அதையே பட்டமாய் ஏற்றுப் பூரித்தவரே! வணக்கம்.

இந்த விளிகளில் பாதியைத் தாங்கள் இந்நேரம் மனத்துக்குள் அடித்திருப்பீர்கள் என்பதை அறிவோம். "ஏந்தல், மாதரசி, இதெல்லாம் யாருக்கும்மா புரியும்?" என்று கேட்டிருப்பீர்கள். தாங்கள் ஓய்வு பெறும் இன்று ஒரு நாள் பொறுத்தருளுங்கள். பேனா எங்கள் கையில் இருக்கிறது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அச்சேறும் வாசகங்களுக்கு அனுமதி தரும் ஒப்புதல் குழுவார் அவர்களாகவே ஒரு பாராட்டு மடல் எழுதி, இதைத்தான் வாசிக்க வேண்டும் என்று நேற்று எங்களிடம் கொடுத்தார்கள். அதில் தங்கள் பணிவு ஐந்து இடங்களில் புகழப்பட்டிருந்தது. மருத்துவமனைகளில் கொடுக்க நாம் அடித்த நற்செய்திக் கைப்பிரதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் அந்த மடலை இழுப்பறையில் வைத்துவிட்டு, இதை நாங்களே எழுதினோம்.

அவையோரே! அம்மையாரை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவார். ஆகவே சற்று நேரம் அவரை மறந்து, உங்களிடம் பேசுகிறோம்.

நற்செய்தியை அச்சிட்டு, கேட்பவர் கையில் எல்லாம் கொடுப்பதற்கென்றே தொடங்கிய அச்சகம் இது. இங்கே எழுத்துப் பிழை பார்க்கத்தான் அம்மையாரை அமர்த்தினார்கள். அவரோ பிழை என்பதற்குத் தமக்கென ஒரு பொருள் வைத்திருந்தார். எந்தக் கையெழுத்துப் பிரதி வந்தாலும், இயந்திரத்தில் ஏறுமுன் அதைப் பார்சல் அறைக்கு எடுத்துப் போவார். அங்கே கட்டுகளுக்குக் கயிறு போடும் அக்காவுக்கு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாய்விட்டு வாசிப்பார். அக்கா கயிற்றை நிறுத்திவிட்டு "விளங்கல" என்றால், அந்த வரி போயிற்று. எழுதியவர் எத்தனை பட்டம் பெற்றவராயினும் போயிற்று! ஒருமுறை பெரிய பண்டிதர் ஒருவர் வாசலில் நின்று குதித்தார்.

"பொட்டலம் கட்டுறவங்களா என் எழுத்தைத் திருத்துறது?"

"அவங்களுக்காகத்தானே ஐயா எழுதியிருக்கீங்க?" என்றார் அம்மையார். பண்டிதர் மூன்று பக்கத்தை ஒரு பக்கமாக்கிக் கொண்டுவந்தார். அதன் பிறகு அக்காவுக்கு வணக்கம் சொல்லாமல் அவர் அந்த வாசலைக் கடந்ததில்லை.

இப்படி உருவானதுதான் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடங்களுக்கான நான்கு பக்கக் கைப்பிரதி. 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்பது அதன் தலைப்பு. அது குழுவாரின் கண்ணை உறுத்தியது. "இப்படிக் கதவைத் திறந்து போட்டா கண்டவனும் உள்ள வந்துடுவான்" என்றார் குழுவின் செயலர். கண்டவனுக்காகத்தானே ஐயா கதவே வைத்தது? கரையில் வலை அலசிக்கொண்டிருந்தவர்களை அழைத்த ஆண்டவர், வினாத்தாளும் விண்ணப்பப் படிவமுமாகவா வந்து நின்றார்?

அம்மையார் இருந்தவரை அவர்களால் அதில் கை வைக்க முடியவில்லை. கண் அறுவைக்காக அவர் இரண்டு வாரம் விடுப்பில் போனார். திரும்பி வருவதற்குள் நான்கு பக்கம் இருபத்தெட்டாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் 'வருவோர்க்குரிய ஏழு தகுதிகள்' வரிசையாக நின்றன. பார்சல் அறைக்கு அது போகவே இல்லை. அச்சடித்த கைகள் யாருடையவை? எங்களுடையவை. வாயை மூடிக்கொண்டு அடித்தோம். இந்தச் சபையில் அதை ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறோம்.

அம்மையார் பணிக்குத் திரும்பிய அன்று முற்பகல், மருத்துவமனையில் லிஃப்ட் இயக்கும் ஒருவர் சீருடையோடு எங்கள் முகப்பு மேசைக்கு வந்தார். கையில் அந்தக் கைப்பிரதி. ஏழு தகுதிகளில் இரண்டுக்கு எதிரே பென்சிலால் குறி போட்டிருந்தார்.

"சார், எங்கப்பா அங்க மூணாவது மாடியிலதான் படுத்திருக்காரு. இதைப் படிச்சுக் காட்டச் சொன்னாரு. ஏழுல ரெண்டுதான் அவருக்குப் பொருந்துது. மீதி அஞ்சுக்கு எத்தனை நாள் ஆகும்? டாக்டர் நாலு நாள்தான் சொல்லியிருக்காரு."

மேசையில் இருந்த செயலர் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "இதைப் பூர்த்தி பண்ணிக் குடுங்க. அடுத்த கூட்டத்துல வைக்கிறோம். இன்னும் பதினோரு நாள் இருக்கு."

அந்த மனிதர் கோபப்படவில்லை. தலையாட்டிவிட்டு, படிவத்தை நிரப்புவதற்குப் பேனா கேட்டார். அந்தப் பணிவைத்தான் அம்மையாரால் தாங்க முடியவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு உள்ளிருந்து வந்தவர், அவர் கையிலிருந்த கைப்பிரதியை வாங்கி, நின்றபடியே அடிக்கத் தொடங்கினார். முன்னுரை போயிற்று. விளக்கவுரை போயிற்று. ஏழு தகுதிகளின் மேல் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே கோடு.

"அப்ரூவ் ஆன எழுத்தும்மா அது!" என்று செயலர் எழுந்தார்.

"தம்பி, வாங்க போகலாம்" என்றார் அம்மையார், லிஃப்ட்காரரிடம். அப்பா பெயரை மட்டும் எழுதியிருந்த படிவத்தை மேசையிலேயே விட்டுவிட்டு அவரும் கிளம்பினார்.

மூன்றாவது மாடியில் அந்தப் பெரியவரின் கட்டிலோரம், மிஞ்சியிருந்ததை அவர் வாசித்துக் காட்டினார். கடவுள் உங்களை நேசிக்கிறார். உங்கள் பாவத்தைச் சுமந்து இயேசு உயிரைக் கொடுத்தார், சாவை வென்று எழுந்தார். அவரை நம்பி வருகிற யாரையும் அவர் திருப்பி அனுப்புவதில்லை. இருக்கிறபடியே வாருங்கள்.

"இவ்வளவுதானாம்மா?" என்றாராம் பெரியவர்.

"இவ்வளவுதாங்க ஐயா."

"அப்ப நானும் வரலாமா?"

"உங்களைத்தான் கூப்பிடுறாரு."

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, வெகுநேரம் பேசினார் என்று மகன் எங்களிடம் சொன்னார். மூன்றாம் நாள் இறந்துபோனார். பதினோராம் நாள் குழு கூடியது. நடவடிக்கைக் குறிப்பில் இன்றும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்: 'விண்ணப்பதாரர் நேரில் வராததால், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.' அடுத்த தீர்மானம், அம்மையாரிடம் விளக்கம் கேட்பது. ஒப்புதல் பெற்ற வாசகத்தைச் சிதைத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று இரண்டு பக்கக் குறிப்பாணை வந்தது. அம்மையாரின் பதில் ஒரே வரி: "பிழை இருந்தது, திருத்தினேன்."

அஞ்சா நெஞ்சினரே! இனி மீண்டும் தங்களோடு பேசுகிறோம்.

தாங்கள் மேசையில் இருந்தவரை மறுபடி இயந்திரம் ஏறாத அந்த இருபத்தெட்டுப் பக்கம், தாங்கள் ஓய்வு பெறும் நாளுக்காகத்தான் காத்திருந்தது. மறுபதிப்புக்கான ஆணை திங்கட்கிழமைக்கென எங்கள் கைக்கு வந்துவிட்டது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறவர்களாக இருக்க எங்களுக்கு மனமில்லை. அழைப்பது ஆண்டவர், அழைப்பிதழ் அடிப்பதுதான் எங்கள் வேலை. அவர் வீட்டு வாசலில் காவலுக்கு நின்று, வருகிறவர்களைத் தரம் பிரிக்க எங்களை யாரும் வைக்கவில்லை. முன்வரிசையில் வீற்றிருக்கும் குழுவாரையும் வைக்கவில்லை!

அறுவை கண்ட தங்கள் கண்கள் ஒளி குன்றாமல், அநீதி கண்டால் சிவக்கும் தங்கள் முகம் அமைதி கூடி, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ, நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க! இம்மடலுக்குச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினால் மகிழ்வோம். மாட்டுமுன் அடிக்க வேண்டிய விளிகளை அடித்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் குழு இதைப் பார்க்கவில்லை. பார்சல் அறை அக்கா இரண்டு முறை கேட்டு, விளங்குகிறது என்றார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இயந்திரம் ஓடும். நான்கு பக்கம்தான் ஓடும். வேறு அடிக்க வேண்டுமென்றால், முதலில் வேறு ஆட்களைத் தேடிக்கொள்ளட்டும்.

இங்ஙனம்,
அச்சு, பைண்டிங், பார்சல் பிரிவு ஊழியர் பதினால்வர்;
பதினைந்தாவதாக, மூன்றாவது மாடிப் பெரியவரின் மகன்.