சீனக்காரன் குத்திய கன்னப்பொறி

"கன்னப்பொறியிலே ஊசியை விட்டவன் அக்கா! நான் இன்னும் உயிரோட இருக்கிறன்!"

கிராண்ட்பாஸ் டிராமில் எனக்கு முன் இருக்கையிலிருந்து இப்படியொரு குரல் எழுந்ததும், கொண்டக்டரே திரும்பிப் பார்த்தார். அன்று செவ்வாய்க்கிழமை. அந்தோனியார் கோவிலுக்குத் தனித்தனியே போய்த் திரும்பும் வழியில் டிராமில் சந்தித்துக்கொண்ட இரண்டு பெண்கள். பேசியவள் இளையவள். மடியில் கோவில் எண்ணெய்ப் போத்தல் ஒன்றை வைத்திருந்தாள்.

"ஐயோ, அதிலே ஒரு அறை விழுந்தாலே ஆள் முடிஞ்சுதடி! ஆர் குத்தினது?" என்றாள் மூத்தவள்.

"ஆமர் வீதியிலே பல்லுக் கட்டுற சீனக்காரன். பல்லுக் காட்டத்தான் போனனான். தலையிடியெண்டும் சொன்னன். புருவத்துக்குப் பக்கத்திலே விரலாலே தடவிப் பார்த்தான். தலைமயிர் மாதிரி ஊசி, டக்கெண்டு குத்தினான். எத்தனை வருஷத் தலையிடி! கழட்டி வைச்ச மாதிரிப் போயிட்டுது!"

"அப்ப அந்தோனியாருக்கு வைச்ச நேர்த்தி? வெள்ளியிலே தலை செய்து குடுக்கிறனெண்டியே!"

"இப்ப குடுத்திட்டுத்தானே வாறன்."

"சுகப்படுத்தினது சீனக்காரன், வெள்ளி அந்தோனியாருக்கோ? சரி, சுகம் வந்த தலைக்கு இன்னும் ஏன் எண்ணெய்?"

டிராம் ஆமர் வீதியில் நின்றது. இளையவள் போத்தலைப் பொத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கில்லை அக்கா. அவனுக்கும் தலையிடி. தன்ர கன்னப்பொறியிலே தானே குத்தப் பயமாம். 'உங்கட சாமியின்ர எண்ணெய் கொஞ்சம் கொண்டு வா' எண்டு அவன்தான் கேட்டவன்!"