கோடு போடாத கரை

மேடையில் அமர்ந்திருக்கும் பொறியாளர் மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் கட்டுமான நிறுவன இயக்குநர் அவர்களே, ஆற்றின் கர்க் கரையிலிருந்து கடையை மூடிவிட்டு வந்திருக்கும் என் மக்களே, உங்கள் எல்லோர் மீதும் அமைதி உண்டாகட்டும்.

கட்டடக் கலைஞர் நஜாத் குபைசி மறைந்து இன்று நாற்பதாம் நாள். இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் வரைந்தார். வரைந்தது நிற்குமா என்று கணக்குப் போட்டவன் நான்.

டைக்ரிஸ் ஓரம் ஏழு கோபுரக் குடியிருப்புகள், அவற்றுக்கும் ஆற்றுக்கும் இடையே ஊருக்கே பொதுவான திடல். இந்த வேலையை அவர் எங்கிருந்து தொடங்கினார் தெரியுமா? அதோ உட்கார்ந்திருக்கும், மீன் சுட்டு விற்கும் ஷாக்கிரின் அடுப்படியிலிருந்து. ஜூலை வெயிலில், மாலை நாலு மணிக்கு, கரையில் குச்சி நட்டு நிழலை அளந்தார். ஷாக்கிர் சும்மா இருப்பாரா?

"என்ன பொறியாளரம்மா, வெயிலுக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"உங்களுக்குத்தான் தைக்கிறேன். நாலு மணிக்கு ஏழு கட்டடமும் உங்க தலைக்குக் குடை பிடிக்கணும்."

"நாப்பதாவது மாடிக்காரன் எனக்குக் குடை பிடிப்பானா? போங்கம்மா, வேற வேலை இல்ல."

பிடிக்க வைத்தார் நஜாத். நிழல் கரையில் விழும்படி வரைபடத்தில் கோபுரங்களைத் திருப்பித் திருப்பி வைத்தார். பல வீடுகளுக்கு ஆறு பாதிதான் தெரியும் என்று நிறுவனம் முறைத்தது. அவர் அசையவில்லை.

ஆனால் ஒரு தவறு செய்தார். தெருவுக்கும் திடலுக்கும் நடுவே வரைபடத்தில் ஒரு கோடுகூடப் போடவில்லை. பொது வழி என்று எழுதவும் இல்லை. எழுதச் சொன்னேன்.

"ஆத்துக்குப் போற வழின்னு பாக்தாத்காரனுக்கு எழுதி வேற காட்டணுமா, அபூ லைத்?" என்று சிரித்தார்.

எழுதாத இடத்தில் யாரும் எதையும் எழுதலாம் அல்லவா? நிழல் விழும் திடல் என்றதும், அது குடியிருப்போருக்கு மட்டும் என்று நிறுவனம் முடிவு செய்தது. அவர் மருத்துவமனையில் படுத்திருந்த வாரத்தில், அந்த இடத்தில் மூன்று மீட்டர் உயரச் சுவர் ஒன்று முளைத்தது, காகிதத்தில். அந்தச் சுவர் நிற்குமா என்று கணக்குப் போட்டவன் யார்? நான்தான். கையெழுத்திட்டவனும் நான்தான். வேலை போய்விடும் என்று பயந்தேன். ஷாக்கிர், என்னைப் பார்க்காமல் தலை குனிய வேண்டியவர் நீங்கள் இல்லை.

மறுநாள் மருத்துவமனைக்கு நஜாத்தைப் பார்க்கப் போனேன்.

"கரையில சுவர் கிவர்னு ஏதாவது பேச்சு வந்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க தூங்குங்க."

"நீங்க சொன்னா சரி," என்றார். நம்பிக் கண்ணை மூடினார். அதன் பிறகு அவர் பேசவில்லை.

அவரைப் புகழ எனக்கு வாய் கூசுகிறது. அவர் பணியைத் தொடர்வேன் என்று சொல்லவாவது எனக்குத் தகுதி வேண்டாமா? மாநகராட்சியிடம் இருக்கும் அந்தச் சுவரின் தாளிலிருந்து நாளை என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். இயக்குநர் அவர்களே, என் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அவரிடம் நான் சொன்ன பொய் உண்மையாக வேண்டும்.

அந்தத் தாளில் என் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. இருவரும் இந்த அரங்கில்தான் இருக்கிறீர்கள். காலை எட்டு மணிக்கு மாநகராட்சி வாசலில் உங்களுக்காகக் காத்திருப்பேன்.