கட்டம் அக்காவின் அரை மணி நேரம்

முப்பத்து நான்கு ஆண்டுகள் இம்மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றி இன்று பணி நிறைவு காணும் பெருந்தகையே! துளி ரத்தத்தில் தூங்கும் நோயையும் துப்புத் துலக்கிச் சொன்ன கூர்விழியே! வன்சொல் கேட்டும் வாய் திறவாத வைராக்கியமே! வயதில் மூத்தோரும் அக்கா என்றழைக்க, அவ்வழைப்புக்கு ஒருநாளும் முகம் சுளிக்காத எங்கள் அக்காவே!

தங்களுக்கு மடல் எழுத உட்கார்ந்தபோது வழக்கமான சொற்கள் வரிசைகட்டி வந்தன. அயராத உழைப்பு வந்தது, அன்பான உள்ளம் வந்தது, அணையாத விளக்கு வந்தது. எல்லாவற்றையும் கோத்து எழுதி நேற்று முன்தினம் தங்களிடம் காட்டினோம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தீர்கள். "நல்லா இருக்கு. இது யாரைப் பத்தி?" என்று கேட்டீர்கள்.

அந்த மடலைக் கிழித்துவிட்டோம். இது இரண்டாவது மடல். தங்கள் கதையைத் தங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எங்களுக்கு இல்லாததால், அவையைப் பார்த்துச் சொல்கிறோம். பொறுத்தருள்க.

அவையோரே, அக்காவுக்குக் கட்டம் அக்கா என்று பெயர் வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்காது. எங்கள் கூடம் மூன்றாம் மாடியில் இருக்கிறது. அக்காவுக்கு மூன்றாம் மேசை. ஒரு கண்ணை நுண்ணோக்கியில் வைத்து, வெள்ளை அணுக்களை நூறு வரை எண்ண வேண்டும். இன்ன வகை இத்தனை, இன்னொரு வகை இத்தனை என்று விரலால் ஒரு கருவியைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நூறு முடிந்தால் ரத்தம் தடவிய அடுத்த கண்ணாடி ஸ்லைடு. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது.

மதியம் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் ஓய்வு. அதற்கென்று மாடிக் கோடியில் ஓர் அறை. இரண்டு நீள பெஞ்சு, ஒரு ஜன்னல், அதற்கு ஒரு கனத்த பச்சைத் திரை. நாங்கள் ஒன்பது பேரும் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவோம். அக்கா மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு சாண் திரையை விலக்கி, அந்த வெளிச்சத்தில் பத்திரிகையிலிருந்து வெட்டி வந்த குறுக்கெழுத்துப் புதிரைப் போடுவார்; கட்டம் அக்கா ஆனது அப்படித்தான்.

அந்த ஒரு சாண் வெளிச்சத்துக்காக நடந்த சண்டைக்குக் கணக்கில்லை. நாங்களும் சோம்பேறிகள் அல்ல. எங்கள் ஊசிக்காரர் விடிந்ததிலிருந்து எழுபது படுக்கை ஏறி இறங்கி ரத்தம் எடுத்துவிட்டு வருவார். பெஞ்சில் காலை நீட்டியதும் அவர் விடும் பெருமூச்சைக் கேட்டால் யாருக்கும் திரையை விலக்க மனம் வராது. அப்போதிருந்த பிரிவுத் தலைவரும் எங்கள் கட்சி. "மூளைக்கும் மூடி போட்டு வைக்கணும்மா. சாயங்காலம் வரைக்கும் அது ஆறிப் போகாம இருக்கணுமில்ல?" என்பார்.

"காலையிலிருந்து எண்ணிக்கிட்டே இருக்கேன் சார்," என்பார் அக்கா. "அரை மணி நேரமாவது எதையாவது எண்ணிப் பார்க்க வேண்டாமா?"

வீட்டில் அவருக்கு அந்த அரை மணி நேரம் கிடையாது. கணவர் லாரி ஓட்டுநர். முதுகெலும்பு முறிந்து படுத்த படுக்கையானவர். இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டில் ஒரு காகிதத்தை விரித்தால் யாராவது வந்து அதன் மேல் எதையாவது வைத்துவிடுவார்கள். ஒருமுறை எங்களில் ஒருவர், "கொஞ்ச நேரம் படுங்கக்கா, உடம்பு என்னத்துக்காகும்?" என்றபோது சொன்னார்: "நாள் முழுக்கப் படுத்திருக்கிற மனுஷனை வீட்டிலே பார்த்துட்டு வரேன். படுக்கிறதுதான் ஓய்வுன்னு யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வர மாட்டேங்குது."

சண்டைக்கு நடுவே சிரிப்பும் உண்டு. "எண்ண எண்ண வளரும், மூன்றெழுத்து," என்று அக்கா வாய்விட்டுப் படிப்பார். கண்ணை மூடியபடியே ஊசிக்காரர், "கவலை. இப்ப திரையை மூடுங்க," என்பார். அக்கா எழுதிக்கொள்வார், திரையை மூடமாட்டார்.

இனி, சொல்ல வேண்டியதைச் சொல்கிறோம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், இரண்டு மணிக்கு நாங்கள் எழுந்து வந்தோம். மூன்றாம் மேசையில் அக்காவோடு இன்னொருவருக்கும் நாற்காலி உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்; பணி இன்னும் உறுதியாகவில்லை. அன்று அவர் பெஞ்சில் ஆழ்ந்து தூங்கி, எழுப்பி அழைத்து வரப்பட்டவர். ஒரு தையல்காரரின் ஸ்லைடு அவர் கைக்கு வந்தது. கருவியைத் தட்டும் சத்தம் நடுவில் நின்றது. தலை ஒருமுறை தொங்கி நிமிர்ந்தது. சத்தம் மறுபடி கேட்டது. இயல்பாக இருக்கிறது என்று எழுதினார். எதிரே அறிக்கை அடித்துக்கொண்டிருந்த எங்கள் தட்டச்சர் இதைக் கண்ணால் கண்டார்.

இயல்பாக இல்லை. இருக்கக்கூடாத அணுக்கள் அதில் இருந்தன. இருபத்து மூன்று நாள் கழித்து வேறொரு மருத்துவமனையில் ரத்தப் புற்று என்று கண்டுபிடித்தார்கள். தையல்காரர் ஐந்து மாதம் இருந்தார். முன்னதாகத் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்றதற்கு மருத்துவர்கள் கையை விரித்தார்கள்.

அவர் படுக்கையில் கிடக்கும்போதே விசாரணை வந்தது. பரிசோதனை அறிக்கையில் மேசை எண் மட்டும்தான் இருக்கும். பார்த்தவர் பெயர் இருக்காது. இரண்டு நாற்காலியில் யார்? பிரிவுத் தலைவர் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். "அவன் வேலை இன்னும் உறுதியாகலை. பேர் அடிபட்டா வீட்டுக்குத்தான் போகணும். அந்தம்மா பழைய ஆள். மிஞ்சிப் போனா ஒரு இடமாற்றம். யோசிச்சுக்குங்க."

யோசித்தோம். ஒரு வாக்குமூலம் எழுதினோம். மூன்றாம் மேசைப் பணியாளர் ஓய்வு நேரத்தில் ஓய்வெடுப்பதில்லை, குறுக்கெழுத்துப் போடுகிறார், கண்ணுக்கு ஓய்வு கொடுக்கும்படி பலமுறை சொல்லியும் கேட்கவில்லை, சம்பவ நாளன்றும் அவ்வாறே செய்தார். அதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. அந்தப் புதியவர் உட்பட ஒன்பது பேரும் ஒப்பமிட்டோம். அதைத் தட்டச்சு செய்தவரும், இப்போது உங்கள் முன் நின்று இதை வாசிப்பவரும் ஒருவரே.

விசாரணை அதிகாரி அந்தத் தாளை அக்காவிடம் நீட்டி, "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். அக்கா மேலிருந்து கீழ்வரை படித்தார். கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எழுதியிருக்கிறது உண்மைதான் சார்," என்றார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

நுண்ணோக்கியிலிருந்து அவரை எடுத்துக் கீழ்த்தளத்தில் குப்பி கழுவும் இடத்துக்குப் போட்டார்கள். அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு நின்றது. ஓய்வு நேரம் ஓய்வுக்கே என்று சுற்றறிக்கை வந்தது. திரையின் ஓரத்தைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்தார்கள். அறை நல்ல இருட்டாக இருந்தது. நாங்கள் நன்றாகத் தூங்கினோம்.

தையல்காரர் இறந்த மறுவாரம் அக்கா அவர் வீட்டுக்குப் போனார். தனியாகப் போக வேண்டாமென்று ஊசிக்காரரும் கூடப் போனார். குறுகலான படி, மேலே ஒற்றை அறை, மூலையில் துணி போட்டு மூடிய தையல் இயந்திரம். தையல்காரரின் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"நீங்கதானா அந்தக் கட்டம் போடுற அம்மா? ஆஸ்பத்திரியிலே சொன்னாங்க. என் வீட்டுக்காரர் ரத்தத்தைப் பக்கத்திலே வெச்சுக்கிட்டுக் குறுக்கெழுத்துப் போட்டீங்களாமே. நிரம்பிச்சா?"

அக்கா பேசவில்லை. ஊசிக்காரர் பேசியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை போதும். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதை அவரே எங்களிடம் சொன்னார். மடலில் எழுதவும் சொன்னார்.

அன்றிலிருந்து அக்கா புதிர் போட்டு யாரும் பார்த்ததில்லை. மதிய இடைவேளையில், கழுவிக் கவிழ்த்த குப்பிகளுக்கு முன்னால் ஒரு முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தூங்கவும் மாட்டார். கண் திறந்தே இருக்கும்.

ஏழு ஆண்டு கழித்துப் புதிய இயக்குநர் வந்தார். எங்கேயோ பயிற்சிக்குப் போய்வந்தவர். ஓய்வறை பெஞ்சுகளைத் தூக்கி வெளியே போட்டார். தூங்கினால் மூளை துருப்பிடிக்கும், ஓய்வு நேரத்தில் மூளைக்குத் தீனி போட வேண்டும் என்று அவரும் ஒரு சுற்றறிக்கை விட்டார். திரையின் ஆணியைப் பிடுங்கினார்கள். தினமும் மதியம் ஆளுக்கொரு புதிர்த்தாள். நிரப்பிப் பெயரெழுதிக் கொடுக்க வேண்டும். எழுபது படுக்கை ஏறி இறங்கிய ஊசிக்காரர் சுடோகு எண்கட்டத்தை வெறித்துப் பார்த்தபடி நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டார்.

அக்காவுக்கும் தாள் வந்தது, குறுக்கெழுத்தேதான். தினமும் பெயரை மட்டும் எழுதி, கட்டங்களை வெறுமையாக விட்டுத் திருப்பிக் கொடுத்தார். பதினொரு நாள் பார்த்துவிட்டு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பினார்கள். இடைவேளையில் தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அதில் கேட்டிருந்தது. அக்கா ஒரே வரியில் பதில் எழுதினார்: ஓய்வெடுத்துக்கொண்டிருந்தேன். அதற்காக ஓர் ஆண்டு ஊதிய உயர்வு போயிற்று.

அக்காவுக்கு வராமல் போன பதவி ஆள் மாறி ஆள் மாறி, கடைசியில் அன்றைய புதியவருக்கே வந்தது. அவர்தான் எங்கள் இன்றைய பிரிவுத் தலைவர். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சென்ற மாதம் அவர் குப்பி கழுவும் இடத்துக்கு இறங்கிப் போனார். தட்டச்சரும் உடன் போனார்.

"அக்கா, அந்த ஸ்லைடைப் பார்த்தது நான்தான்," என்றார்.

"தெரியும். பக்கத்து நாற்காலிதானே," என்றார் அக்கா, கையிலிருந்த குப்பியைக் கீழே வைக்காமல்.

"பின்னே ஏன் சொல்லலை? என் வேலை போயிடும்னா?"

"நான் அவ்வளவு நல்லவ இல்லப்பா. சொல்லணும்னுதான் போனேன். அந்தத் தாளைக் கொடுத்தாங்க. ஒன்பது கையெழுத்து. ஒருத்தராவது போடாம இருந்திருந்தா சொல்லியிருப்பேன். யாருமே இல்லாத இடத்திலே யார்கிட்டே போய்ச் சொல்றது?"

அவர் அழுதார். அக்கா தேற்றவில்லை. "எனக்கு ஒண்ணும் வேண்டாம். அந்த அம்மாகிட்டே போய்ச் சொல்லிட்டு வாங்க. அது போதும்," என்றார்.

சென்ற வாரம் போனோம். குறுகலான படி அப்படியே இருக்கிறது. மேலே வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள். "அந்த அம்மா போய்ச் சேர்ந்து மூணு வருஷமாச்சே," என்றார்கள். மகளின் தொலைபேசி எண் கிடைத்தது. பிரிவுத் தலைவரே பேசினார். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"எங்கம்மா கடைசி வரைக்கும் அந்தம்மாவைத்தான் சபிச்சாங்க. யார் வீட்டுப் பேப்பரைப் பார்த்தாலும் கட்டம் போட்ட பக்கத்தைக் கிழிச்சுடுவாங்க. இப்ப வந்து ஆள் மாறிப்போச்சுன்னு சொல்றீங்க. இதை நான் யார்கிட்டே போய்ச் சொல்ல?"

வைத்துவிட்டார். மறுபடி அழைத்தோம்; எடுக்கவில்லை.

நேற்று முன்தினம், கிழிபடவிருந்த அந்த முதல் மடலோடு இந்தச் செய்தியையும் கொண்டு போனோம். அக்கா ஒரு குப்பிக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டி முடித்து, ஓரத்தை விரலால் நீவிவிட்டார். "அப்ப விழாவிலே எல்லார் முன்னாடியும் சொல்லுங்க," என்றார். "அந்த அம்மாவுக்குக் கேக்காது. எனக்காவது கேக்கட்டும்."

சொல்லிவிட்டோம், அக்கா. இனித் தங்களையே பார்த்துப் பேசுகிறோம்.

ஒன்பது பேரில் ஒருவர் இறந்துவிட்டார். இருவர் ஓய்வுபெற்றுப் போனார்கள். எஞ்சிய ஆறு பேரும் இன்று காலை நடந்ததை உள்ளபடி எழுதி இயக்குநரிடம் கொடுத்துவிட்டோம். அதனால் எங்களுக்கு என்ன வரும் என்று தெரியாது. தங்களுக்கு ஒன்றும் திரும்பி வராது என்பது மட்டும் தெரியும். பன்னிரண்டு ஆண்டு மதியங்களை எந்த ஆணையாலும் திருப்பித் தர முடியாது.

பணி நிறைவு மடல்களில் இந்த இடத்தில் அறிவுரை சொல்வது வழக்கம். இனி நன்றாக ஓய்வெடுங்கள் என்பார்கள். அல்லது சும்மா இராமல் மூளைக்கு வேலை கொடுங்கள் என்பார்கள். இரண்டையும் தங்களுக்குக் கட்டளையாகப் போட்டபோது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். ஓய்வு எது, உழைப்பு எது என்று தங்களுக்குச் சொல்லும் வாய் எங்களுக்கு இல்லை. தூங்குவதானால் தூங்குங்கள். புதிர் போடுவதானால் போடுங்கள். கையைக் கட்டிக்கொண்டு கண் திறந்து உட்கார்ந்திருப்பதானாலும் இருங்கள். ஏன் என்று கேட்டு எவரும் வரமாட்டார்கள், நாங்களும் வரமாட்டோம்.

நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு வாழ்க என்று வாழ்த்த நாக்கு எழுகிறது. எங்கள் வாழ்த்து தங்களுக்குத் தேவைப்படாத வாழ்வாக இனிவரும் காலம் அமைக.

இங்ஙனம் தலைகுனிந்து,
ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பணியாளர்கள் அறுவர்,
மூன்றாம் மாடி.